ஒன்பதாம் கட்டிலுக்குப் படித்துக் காட்டுவது

மதிய ஊசிச் சுற்றில் பதினான்கு நிமிடம் நாற்பது விநாடி வீணாகிறது என்று கண்டுபிடித்ததும் ஸ்டாப்வாட்ச் அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்தப் பெயர் வார்டுக்காரர்கள் வைத்தது. மருத்துவமனைகளில் எந்த வேலை எங்கே இழுக்கிறது, யார் எத்தனை அடி சும்மா நடக்கிறார்கள் என்று அளந்து, வேண்டாததை வெட்டிக் கொடுப்பது அவள் தொழில். வீட்டிலும் அதே புத்திதான். புருஷனுக்கு நாலடி நடை மிச்சமாகட்டும் என்று சர்க்கரை டப்பாவை உப்பு டப்பாவோடு இடம் மாற்றி வைத்தாள். அந்த மனுஷன் ஒரு வாரம் உப்புப் போட்ட டீயைக் குடித்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பயம்.

வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. இந்தச் சுற்றில் கால் மணி நேரம் குறைத்துக் காட்டினால் துறைத் தலைவர் நாற்காலி அவளுக்குத்தான் என்பது வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால், தலைமை அலுவலகத்தில் ஏசி அறையை விட்டு நகராமல் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து அவள் எழுதிய அறிக்கைதான் அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக அதைக் கொண்டாடுகிறார்கள். இது இரண்டாவது வெற்றி.

வீணான நேரம் ஒளிந்திருக்கவும் இல்லை. பட்டப்பகலில் நடந்தது. நர்ஸ் குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் ஏற்றுவாள். தட்டை எடுப்பாள். நோயாளியிடம் போகமாட்டாள். மூலையிலிருந்த ஒன்பதாம் கட்டிலுக்குப் போய், கால்மாட்டில் நின்று, மருந்தின் பெயர், அளவு, யாருக்கு என்று குப்பியைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பாள். கொஞ்சம் நிற்பாள். தலையாட்டிவிட்டுத்தான் நோயாளியிடம் போவாள். ஒவ்வொரு ஊசிக்கும் நாற்பது விநாடி. இருபத்திரண்டு பேர்.

ஒன்பதாம் கட்டிலில் ஆள் கிடையாது.

விரிப்பு மட்டும் தினமும் மாறியது. மற்ற வார்டுகளில் தரையில் பாய் போட்டுக் கிடந்தார்கள். இந்தக் கட்டிலில் பார்வையாளர்கள்கூட உட்காரவில்லை. பதிவேட்டில் ‘சக்கரம் பழுது’ என்றிருந்தது, ஆறு வருடமாக. ஸ்டாப்வாட்ச் அம்மா சும்மா இருப்பாளா? காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது கட்டில்.

சின்ன நர்ஸ் ஓடிவந்து அதைப் பழைய இடத்துக்கே இழுத்து நிறுத்தினாள். “மேடம், இதை மட்டும் தொடாதீங்க.”

“அது சரி, யாருக்கும்மா படிச்சுக் காட்டுறீங்க?”

“வழக்கம் மேடம். நான் சேர்ந்தப்பவே இருந்துச்சு.”

“படிச்சீங்க, சரி. அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?”

எதற்கு மூச்சு விடுகிறாய் என்று கேட்டதுபோல நர்ஸ் முழித்தாள். “சரின்னு வரணும்ல மேடம்?”

“எங்கேர்ந்து?”

நர்ஸ் தட்டோடு நகர்ந்துவிட்டாள்.

தரை துடைக்கும் ஆயாவைப் பிடித்தால் அவள் இன்னும் மோசம். “எனக்கென்னங்க தெரியும்? நான் உண்டு, என் துடைப்பம் உண்டு. ஆனா ஒருநாள் ஒரு பொண்ணு அவசரத்துல படிக்காம போச்சு. பாதி வழியில கை நின்னுபோச்சு. திரும்பி வந்து படிச்சா, வேற குப்பி. நீங்க எழுதிக்கிறீங்களா? என் பேரைப் போட்டுறாதீங்க.”

கடைசியில் பெரிய சிஸ்டரிடம் போனாள். வார்டுக்குத் தலைவி. இருபது வருடமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறாள். அவள் பார்வைக்குப் பயந்து சளி பிடித்தவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள் என்று பேச்சு. பெரிய சிஸ்டர் அவளைக் கட்டிலருகே கூட்டிப்போய் நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

“இந்தக் கட்டில்ல ஒரு தையல்கார அம்மா இருந்தாங்க. கால் புண்ணுக்கு வந்தவங்க. ஊசியை எடுத்துட்டுப் போனாலே ‘என்ன மருந்தும்மா?’ன்னு கேப்பாங்க. ஒவ்வொரு தடவையும். எரிச்சலா வரும்.”

“சரி.”

“அப்பல்லாம் ரெண்டு பேரு சேர்ந்துதான் ஊசி போடுவோம். ஒருத்தி குப்பியைப் படிப்பா, இன்னொருத்தி பார்த்துட்டு ‘சரி’ம்பா. அப்புறம் மேலிடத்துலேர்ந்து ஒரு காகிதம் வந்துச்சு. ரெண்டாவது ஆளு வீண், நேரம் போகுதுன்னு. பதினாலு நிமிஷம் நாப்பது விநாடி மிச்சமாம். எங்க வாசப்படியை மிதிக்காத புண்ணியவதி யாரோ எழுதினது.”

அந்த எண் ஸ்டாப்வாட்ச் அம்மாவுக்கு மனப்பாடம். அவள் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்தது.

“காகிதம் வந்த மூணாம் நாளு, அவங்க கையில சொருகியிருந்த ஊசிக்குழாயைக் கழுவ, உப்புத்தண்ணின்னு ஒரு குப்பியை எடுத்தேன். நேரா ஏத்துனா நெஞ்சையே நிறுத்திடுற பொட்டாசியக் குப்பியும் அதே உயரம், அதே நீல மூடி. அந்தம்மா ‘என்ன மருந்தும்மா?’ன்னாங்க. ‘எப்பவும் போடுறதுதான்’னேன்.” பெரிய சிஸ்டர் விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டாள். “அன்னைக்குத்தான் முதல் தடவையா அவங்களுக்கு மருந்து பேரைச் சொல்லாம போட்டேன். அதான் இப்ப எல்லா ஊசியையும் முதல்ல அவங்ககிட்ட சொல்லிடுறோம்.”

“அந்தக் காகிதம் எழுதினவங்க யாருன்னு...”

“பேரு ஞாபகமில்ல. தெரிஞ்சா ஒரே ஒரு தடவை இங்க வந்து நிக்கச் சொல்லுவேன். நீங்க நிக்கிறீங்களே, இதே இடத்துல.”

மூன்று மணிச் சுற்று தொடங்கியது. பெரிய சிஸ்டர் போய்விட்டாள். ஸ்டாப்வாட்ச் அம்மா கட்டிலருகிலேயே நின்றாள். சின்ன நர்ஸ் தட்டோடு வந்து, அவளுக்கு நேர் எதிரே நின்று படித்தாள். மருந்து, அளவு, யாருக்கு. நிறுத்தினாள்.

‘சரி’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தவள் குப்பியைப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். நர்ஸின் கண் அவள் மேல் இல்லை. அவள் தோளைத் தாண்டி, தலையணை இருந்த பக்கம் போயிருந்தது. பிறகு நர்ஸ் மெல்லத் தலையாட்டினாள், பதில் கேட்டவர்கள் ஆட்டுவதுபோல. போய்விட்டாள்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வர எத்தனை விநாடி ஆனது என்று அவள் அளக்கவில்லை. பார்த்தபோது விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

வெட்டி எடுத்த பதினான்கு நிமிடம் நாற்பது விநாடியும் சிந்தாமல் சிதறாமல் திரும்பி வந்து இந்த மூலையில் குடியிருக்கிறது. இதை மறுபடி வெட்டத்தான் அவளுக்குச் சம்பளம்.

கோப்பைத் திறந்தாள். ‘வேலையில் இந்தப் படி ஏன் வந்தது?’ என்றொரு கட்டம் இருந்தது. அவளே வடிவமைத்த படிவம்தான். நல்ல சமர்த்தாக எழுதினாள்: ‘முந்தைய சுற்றறிக்கையைப் பணியாளர்கள் தவறாகப் புரிந்துகொண்டதால்.’ நாற்காலிக்குச் சேதமில்லாத வாக்கியம். இதோடு மூடிவிட்டுப் போயிருக்கலாம். ஏனோ உதடு அசைந்தது. கால்மாட்டில் நின்று, அதைக் குப்பியைப் படிப்பதுபோல நிதானமாகச் சத்தமாகப் படித்தாள். நின்றாள்.

பதில் வரவில்லை. பத்து விநாடி. இருபது. கை நின்றது நின்றபடி.

அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்: ‘இரண்டாவது ஆள் வேண்டாம் என்று எழுதியது நான். அதனால் இங்கே ஒருவர் இறந்தார். இரண்டாவது ஆளைத் திரும்பத் தர வேண்டும்.’ கீழே பெயரை முழுதாகப் போட்டாள். வியாழக்கிழமை அந்தக் குழு முன்னால் இந்த வரி என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அதையும் படித்தாள். பெயரையும் விடாமல் படித்து முடித்தாள். தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். பின்னால் தட்டோடு வந்த நர்ஸ், இருபத்திரண்டில் இன்னும் இருபத்தொன்று பாக்கியிருந்தும், நகரச் சொல்லாமல் நின்றாள்.