காப்பர் மியூல்ஸின் பிற்காலம்

ஒரு மனிதனின் குரல் நூறு ரூபாய். ஃபெலிக்ஸ் முந்நூறில் ஆரம்பித்தான். சங்கரலிங்கம் அண்ணாச்சி ஐம்பதில் ஆரம்பித்தார். நடுவில் ஒரு டீ வந்தது, அதற்கும் அண்ணாச்சியே காசு கொடுத்தார், அந்தப் பெருந்தன்மையில் ஃபெலிக்ஸ் இருநூறு இறங்கினான். அந்த நூறுக்குள் பத்துப் பாட்டு, அவற்றுக்கான கிடார், அவற்றை எழுதியவன் என்கிற பெயர், எல்லாம் அடக்கம்.

"பேருக்கு மட்டும் தனியா ஏதாவது போட்டுக் குடுங்க அண்ணாச்சி."

"அது எதுக்கு தம்பி? உன் பேரைத்தான் ஒரு வருசமா கண்ணாடி அலமாரியில வச்சுப் பாத்துட்டோமே. ஈ கூட உக்காரலையே."

அது உண்மை. நெய்வேலி மெயின் பஜாரில் அண்ணாச்சியின் ரெக்கார்டிங் சென்டருக்கு ஆட்கள் பாட்டுப் பட்டியலோடு வருவார்கள், கேசட்டில் பதிந்து வாங்கிப் போவார்கள். பக்கத்து வடக்குத்து கிராமத்து ஃபெலிக்ஸ் பட்டியலில்லாமல் கிடாரோடு வந்தவன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை வாரிப்போடுகிற காண்ட்ராக்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிடார். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷில் சொந்தமாகப் பாட்டு எழுதினான். கைக்காசைப் போட்டு, மேலே தன் பெயரை அச்சடித்து, பத்து கேசட் போட்டு அண்ணாச்சி கடையில் வைத்தான். பத்தும் அப்படியே இருந்தன.

அவற்றில் ஒன்றை ஒரே ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தார். ஆனந்த்ராஜ். முதல் சுரங்கத்தில் ஃபோர்மேன், பர்மனென்ட், பதினேழாவது பிளாக்கில் குவார்ட்டர்ஸ். "நம்ம பெல்ட்டுல கரி வார்ற ஃபெலிக்ஸா?" என்று கேட்டுவிட்டு, கையைக் கர்சீப்பில் துடைத்துக்கொண்டு, "மியூல்ஸ் புதுசு ஏதாவது வந்துதா?" என்றார்.

மியூல்ஸ் என்றால் காப்பர் மியூல்ஸ். பென்சில்வேனியாவில் ஏதோ ஒரு கரிச்சுரங்க ஊரில் நான்கு பேர் அறுபத்தெட்டில் ஆரம்பித்த ராக் குழு. கரி ஊர் என்ற ஒரே காரணத்துக்காக ஆனந்த்ராஜ் அவர்களைச் சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி கொண்டாடினார். எழுபத்திரண்டில் பேஸ் கிடார்காரன் ஏன் கோபித்துக்கொண்டு போனான், எழுபத்தொன்பதில் ஏன் திரும்பி வந்தான், எந்த ஆல்பத்தில் யாருக்கு விவாகரத்து, எல்லாம் அவருக்கு அத்துப்படி. டவுன்ஷிப் கிளப்பில் ஏழெட்டுப் பேர் அவர் சொன்ன பாட்டைத்தான் நல்ல பாட்டு என்று கேட்டார்கள். எண்பத்தாறுக்குப் பிறகு மட்டும் ஒரு தகவலும் இல்லை. பர்மா பஜாரில் சொல்லிவைத்தார், துபாயில் இருந்த மச்சானுக்கு எழுதினார். வாரம் தவறாமல் அண்ணாச்சியிடம் கேட்டார். ஆறு வருடம்.

ஆறு வருடம் ஒரு மனிதன் கையில் பணத்தோடு கடைக்கு வந்து வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வியாபாரிக்கு எவ்வளவு பெரிய வேதனை என்பது வியாபாரிகளுக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் வாங்க ஆளில்லாத சரக்கு, இன்னொரு பக்கம் சரக்கில்லாத ஆள். இரண்டுக்கும் நடுவில் ஒரு அட்டைதான் தடை. அண்ணாச்சி பண்ருட்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் அட்டையை மாற்றினார். புகைபோக்கிப் படம், கீழே காப்பர் மியூல்ஸ். பாட்டுகளை மறுபடி பதியும்போது டேப்பைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டார். சாதாரண வேகத்தில் போட்டால் ஃபெலிக்ஸின் குரல் தடித்து, இறங்கி, இருபது வருடம் விஸ்கி குடித்த வெள்ளைக்காரன் குரலாக வந்தது.

விலை நூற்றெண்பது. இறக்குமதிச் சரக்கல்லவா. ஆனந்த்ராஜ் பேரம் பேசவில்லை.

மறுவாரம் ஃபெலிக்ஸ் கடையில் இருந்தபோது ஆனந்த்ராஜ் வந்தார். அவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, கடை ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டினார்.

"கேளுடா. கேட்டுக் கத்துக்க. பாட்டுன்னா இது. நீயும்தான் பாடுற கோயில்ல, தொண்டையில வைக்கோல் மாட்டின மாடு மாதிரி."

ஃபெலிக்ஸ் தன் குரலைக் கேட்டான். அவர்கள் வீட்டுக் கிணறு வற்றிய கதை அது. சுரங்கத்துக்காக ராத்திரி பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியே விட, வடக்குத்தில் ஒவ்வொரு கிணறாகக் கயிறு எட்டாமல் போனதை எழுதியிருந்தான்.

"கெணத்துல வாளி மண்ணுல இடிக்குதுன்னு ஒரு வரி வருது பாரு," என்றார் ஆனந்த்ராஜ். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "பென்சில்வேனியாக்காரன் எழுதுறான்டா. நம்ம ஊர்லயும்தான் கெணறு வத்துது. ஒரு நாய்க்காவது இப்படி எழுதத் தோணிச்சா?"

"இல்லீங்க சார்," என்றான் ஃபெலிக்ஸ்.

அவர் போன பிறகு, "அழுதாரு அண்ணாச்சி, பாத்தீங்கல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த அண்ணாச்சி, அடுத்த கேசட்டுக்கும் அதே நூறு போதும் என்று முடிவு செய்தார்.

இப்படித்தான் காப்பர் மியூல்ஸின் பிற்காலம் நெய்வேலியில் நடந்தது. ஐந்து ஆல்பங்கள். ஃபெலிக்ஸுக்கு டிரம் வாசித்த கோயில் பையன் குவைத்துக்குப் போனதால் மூன்றாவதில் டிரம்மே இல்லை. "டிரம்மரோட சண்டை. நான் எதிர்பாத்ததுதான்," என்று ஆனந்த்ராஜ் கிளப்பில் விளக்கினார். நான்காவதைப் பதிகிற வாரம் ஃபெலிக்ஸுக்குக் கரித்தூசியில் மார்ச்சளி. "பாடகன் குடிச்சுக் குடிச்சுக் குரலைக் கெடுத்துக்கினான். ஆனா ஆழம் கூடிப்போச்சு கவனிச்சீங்களா?" என்றார். ஏழெட்டுப் பேரும் கவனித்திருந்தார்கள், ஆளுக்கொரு பிரதி வாங்கினார்கள். அந்தப் பிரதிகளுக்கு ஃபெலிக்ஸுக்கு ஏதாவது உண்டா என்ற கேள்வி எழவில்லை. எழுப்ப அவனுக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டில் டவுன்ஷிப் ஓரத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளி பாட்டு வாத்தியார் வேலைக்கு ஆள் எடுத்தது. பர்மனென்ட். பி.எஃப். உண்டு. கரி வார வேண்டாம், இருமல் வேண்டாம். மனைவி டெய்சி சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். தேர்வுக்கு வருகிறவர்கள் சொந்தப் பாட்டு ஒன்றும் பாட வேண்டும் என்று போட்டிருந்தது. பரீட்சகர், டவுன்ஷிப்பில் பாட்டு தெரிந்தவர் என்று பேரெடுத்த ஆனந்த்ராஜ்.

"அவர்தான்னா எனக்குத்தான் வேலை," என்றான் ஃபெலிக்ஸ். "கெணத்துப் பாட்டப் பாடப் போறேன்."

"வேண்டாம் தம்பி," என்றார் அண்ணாச்சி. "வேற பாடு."

"அவரு அழுத பாட்டு அண்ணாச்சி. அது என் பாட்டு. என் வாயால கேட்டா எழுந்து வந்து கட்டிப்புடிச்சுக்குவாரு, பாருங்க."

எழுந்து வரத்தான் செய்தார். இரண்டாவது வரியிலேயே எழுந்துவிட்டார். மேசையைச் சுற்றி வந்து கிடாரின் கழுத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"இது யார் பாட்டு?"

"என்னுது சார்."

"டேய், நான் யார்னு தெரியுமா உனக்கு? என்கிட்டயே மியூல்ஸைத் திருடிக்கினு வந்து விக்கிறியா?"

"சத்தியமா என்னுது சார். அந்த கேசட்டுல பாடுனதே நான்தான். அண்ணாச்சியக் கேளுங்க சார், அவரு கடையிலதான் பதிஞ்சோம்."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனந்த்ராஜ் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க் கேசட்டை எடுத்து, வரும் வழியில் அண்ணாச்சியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். கேசட்டைப் போட்டார். தடித்த, கிழிந்த, பெரிய குரல் அறை முழுக்க நிறைந்தது. எதிரே கஞ்சி போட்ட சட்டையில் ஒல்லியாக ஃபெலிக்ஸ்.

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. இது எங்கேருந்து வந்தது?"

அண்ணாச்சி ஃபெலிக்ஸைப் பார்த்தார். ஆனந்த்ராஜையும் அவருக்குப் பின்னால் நின்ற ஏழெட்டு வாடிக்கையாளர்களையும் மனசுக்குள் பார்த்தார். தராசு ஒரு பக்கமாகச் சாய அதிக நேரம் ஆகவில்லை.

"இறக்குமதிச் சரக்கு சார். சென்னையிலேருந்து வருது."

"இவன் யாரு?"

"கோயில்ல பாடுத பையன். கடைக்கு வந்து கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பான். பாவம், விட்டுருங்க."

விட்டுவிட்டார்கள். வேலை விருத்தாசலத்துக்காரர் ஒருவருக்குப் போனது. வெளியே புங்கமரத்தடியில் அண்ணாச்சி ஃபெலிக்ஸின் தோளைத் தட்டினார். "உனக்குப் போனது ஒரு வேலை தம்பி, இன்னொண்ணு வரும். எனக்குன்னா கடையே போயிருக்கும். நீயே யோசிச்சுப் பாரு." ஃபெலிக்ஸ் யோசித்துப் பார்த்தான். பெல்ட்டில் அவனைப் பார்த்தவர்கள் "ஓய் அமெரிக்கா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அதன் பிறகு அவன் எதுவும் எழுதவில்லை.

"ரெஸ்ட் எடுக்கிறாங்க. முப்பது வருசம் பாடினவங்க இல்லையா?" என்றார் ஆனந்த்ராஜ் கிளப்பில்.

இரண்டாயிரத்து ஒன்றில் பஜாரில் பிரவுசிங் சென்டர் வந்தது. ஆனந்த்ராஜ் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, மியூல்ஸ் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். பதினைந்தாவது நிமிடமே எழுந்து வந்துவிட்டார். மீதிக் காசைக்கூடக் கேட்கவில்லை என்பதிலிருந்தே விஷயத்தின் தீவிரம் புரியும்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி கடைக்கு அவர் வந்தபோது ஃபெலிக்ஸ் அங்கே இருந்தான். கோயில் கிடாருக்குக் கம்பி வாங்க வந்திருந்தான். ஆனந்த்ராஜ் ஐந்து கேசட்டையும் கண்ணாடி அலமாரி மேல் வரிசையாக வைத்தார்.

"எண்பத்தாறுலயே கலைஞ்சிட்டாங்க அண்ணாச்சி. அடுத்த வருசமே பாடினவன் கார்ல அடிபட்டுச் செத்துட்டான். செத்தவன் தொண்ணூத்தெட்டு வரைக்கும் எப்படிப் பாடினான்? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகட்டுமா?"

கோர்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணாச்சிக்கு உண்மை பேசுவதில் இருந்த தயக்கமெல்லாம் நீங்கியது. முகவாயால் ஃபெலிக்ஸைக் காட்டினார். "இவன்தான் சார்."

ஃபெலிக்ஸ் கம்பிச் சுருளைக் கீழே வைத்தான். மூன்று வருடமாக அவன் காத்திருந்த நிமிடம். வேலையை இனி யாரும் தரப்போவதில்லை, அது அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். நல்லா எழுதியிருக்கடா என்று ஒரே வார்த்தை.

ஆனந்த்ராஜ் அவனைச் செருப்பிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார்.

"கெணத்துப் பாட்டும் நீதானா?"

"ஆமா சார். எங்க வூட்டுக் கெணறு சார் அது."

ஆனந்த்ராஜின் வாய் லேசாகத் திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால் என்னவோ அசைந்தது. ஃபெலிக்ஸ் ஒரு அடி முன்னால் வந்தான்.

"அதானே பாத்தேன்," என்றார் ஆனந்த்ராஜ். "எங்கயோ இடிச்சுக்கினே இருந்துது. எண்பத்தாறுக்கு அப்புறம் தரம் எறங்கிப்போச்சுன்னு எனக்கு அப்பவே தோணிச்சு. பெரிய ஆளுங்களாச்சேன்னு வெளிய சொல்லல. வாளி மண்ணுல இடிக்குதாம். அதெல்லாம் ஒரு வரியா?"

"சார், நீங்க அழுதீங்க சார்."

"நான் அழுதது மியூல்ஸுக்கு."

அப்புறம் அண்ணாச்சி பக்கம் திரும்பி, பணத்தைக் கேட்டார். இந்த விஷயம் கிளப்புக்குத் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு கேட்டார். அந்த நிபந்தனையால் அண்ணாச்சிக்கு மற்ற ஏழெட்டுப் பேரின் பணம் மிச்சம். தொள்ளாயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கேசட்டுகளைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஃபெலிக்ஸ் நின்ற இடத்திலேயே நின்றான். அண்ணாச்சி டீ சொல்லி அனுப்பினார். கேசட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, அழித்துப் பதிய ஆகும் என்று கண்டு, உள்ளே எடுத்து வைத்தார்.

"மனசை விடாத தம்பி. கணக்கை முடிச்சுட்டா மனசு லேசாயிரும். அவருக்குக் குடுத்தது தொள்ளாயிரம். சரக்குல கொறைன்னுதானே திருப்புனாரு? அட்டையில கொறை சொல்லல, டேப்புல கொறை சொல்லல. பாட்டுலதான் சொன்னாரு. நியாயமாப் பாத்தா முழுசும் உன் தலையில. இத்தன வருசப் பழக்கம், பாதி நான் ஏத்துக்கிடுதேன். உனக்கு நானூத்தம்பது. கேசட் அஞ்சும் எனக்கு ஆகும், ஒண்ணு பத்து ரூபான்னு அம்பது கழிச்சுக்க. நானூறு. கையில என்ன வச்சிருக்க?"

ஃபெலிக்ஸ் சட்டைப் பையில் இருந்ததை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தான். கோயிலில் கம்பி வாங்கக் கொடுத்தது. நூற்றைம்பது.

அண்ணாச்சி எடுத்துக் கல்லாவில் போட்டார். கம்பிச் சுருளை ஆணியில் திரும்ப மாட்டினார்.

"டீ என் கணக்கு. பாக்கி எரநூத்தம்பது."