மூலை உடைந்த கல்

வேனை விட்டு இறங்கும்போது வீரபாகுவுக்குக் கழுத்து திரும்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் கல் தூக்கிய கழுத்து, அஞ்சு மணி நேரம் சீட்டில் சாய்ந்து வந்ததற்கே மக்கர் பண்ணியது.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிரானைட் கற்களை அடுக்கி வைக்கும் ஜெபசிங் அண்ணாச்சியின் கிட்டங்கியில் அவன் லோடுமேன். கிட்டங்கி தொடங்கி இருபத்தைந்து வருஷம் நிறைந்த சந்தோஷத்தில், பழைய ஆட்கள் மூன்று பேரை அண்ணாச்சி மூன்று நாள் இலங்கைக்குக் கூட்டி வந்திருந்தார். வீரபாகு, ரோச், பாண்டித்துரை.

பொலனறுவையில் சோழர் காலத்துச் சிவன் கோயில். மற்றவர்கள் போட்டோ எடுக்க, இவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள்.

"இந்த உத்தரம் எத்தன டன்னு இருக்கும்ல?" என்றான் ரோச்.

"ஒன்னையும் ஒன் மாமியாரையும் சேத்து வச்சாலும் காணாது," என்றார் அண்ணாச்சி.

பாண்டித்துரை மட்டும் வாயைத் திறக்கவில்லை. பத்து மாதமாக அப்படித்தான்.

நாலு பேர் பிடித்த கல்லை இறக்கும்போது ஒருவர்தான் குரல் கொடுப்பார். அவர் "விடு" என்ற பிறகுதான் மற்றவர்கள் கை எடுக்க வேண்டும். பதினெட்டு வருஷம் அந்தக் குரல் பாண்டித்துரையுடையது. போன ஆடியில் கப்பலுக்குப் போக வேண்டிய கல் ஒன்று மூலை உடைந்தது. லாரி இரைச்சலில் யாருக்கும் எதுவும் சரியாகக் கேட்கவில்லை; அவர்தான் முந்திச் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டி, குரலை ரோச்சிடம் கொடுத்தார்கள். 'அவசரவாய்' என்று பேரும் வைத்தார்கள். கழுத்து சுளுக்கி இழுக்க, குரல் வருமுன் கையை எடுத்தது தான்தான் என்பது வீரபாகுவுக்கு மட்டும் தெரியும்.

பாண்டித்துரை ஒரு கல்லின் அடியில் குனிந்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

"இறக்கும்போது ஒடஞ்சது இது," என்றார்.

"அப்பவும் ஒரு அவசரவாய் இருந்திருக்கான்!" ரோச் சிரித்தான்.

"இருந்திருப்பான்." பாண்டித்துரை அதை ஒத்துக்கொண்ட விதம்தான் வீரபாகுவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நீங்க விடுன்னே சொல்லல. நான்தான் முந்திக் கைய எடுத்தேன்."

ரோச்சின் சிரிப்பு நின்றது. அண்ணாச்சி போனைக் கீழே இறக்கினார்.

பாண்டித்துரை படியில் உட்கார்ந்தார். "அப்ப என் வாய் முந்தல?"

"முந்தல அண்ணே."

"சொல்லித்தான் தொலைச்சிட்டமோன்னு எனக்கே சந்தேகம்லே. பத்து மாசமா வீட்டுல ஒரு சொம்புத் தண்ணி கேக்கதுக்குக்கூட ரெண்டு தடவ யோசிச்சேன், நாயே!"

அவர் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. வீரபாகு தலையைத் தொங்கப் போட்டு நின்றான்.

"கொரல இப்பவே எடுத்துக்கிடுங்க," என்றான் ரோச். "கத்திக் கத்தி எனக்குத் தொண்ட போச்சு."

"சும்மா கெட லே," என்று பாண்டித்துரை அவனை அடக்கினார். "ஏலே வீரபாகு, இங்கன வச்சுச் சொன்னா யாருக்குக் கேக்கும்? சோழன் செத்து ஆயிரம் வருசம் ஆச்சு. என்னைப் பேரு வச்சுக் கூப்பிட்டவன் பூரா கிட்டங்கில நிக்கான்."

"அங்க வச்சும் சொல்லுதேன் அண்ணே."

"சொல்லு. பெறவு பாப்போம்." எழுந்திருக்க அவர் கையை நீட்டினார். வீரபாகு பிடித்துத் தூக்கினான். அவர் உடனே கையை விடவில்லை.

ஊர் திரும்பி, திங்கட்கிழமை அன்று முதலாவது லோடு ஏறுமுன், முப்பது பேர் முன்னால், கல்லை விட்டது நான்தான் என்று வீரபாகு சொல்ல வேண்டும். பாண்டித்துரைக்கு அவன் இன்னும் கொடுக்க வேண்டிய கடன் அது.