இருசம்மாளின் ஹால்டிக்கெட்

இருசம்மாளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. சாமி கும்பிட்டாலும் அப்படித்தான். குரூப் ஃபோர் பரீட்சைக்கு முந்தின நாள், ஹால்டிக்கெட்டையும் ஆதார் அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, மலைச்சாமி கரியராமர் படத்துக்கு முன்னால் வைத்தாள். ராத்திரி முழுக்க அது அங்கேயே இருக்க வேண்டும். காலையில் குளித்துக் கும்பிட்டு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வாசல் தாண்டிய பிறகு யார் பின்னால் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. கல்வராயன் மலை ஊர்க்காரர்கள் நல்ல காரியத்துக்கு அப்படித்தான் போவார்கள்.

விடியற்காலையில் குளித்தாள், கும்பிட்டாள், விழுந்து எழுந்தாள், குங்குமம் வைத்தாள், கிளம்பினாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்த மகராசி கவரை மட்டும் எடுக்கவில்லை.

கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு எழில்மதி. மலைப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கோழிகளைத் திறந்துவிடச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் இருசம்மாள். திறந்துவிட்டு, விளக்கை அணைக்கலாம் என்று உள்ளே போனால், படத்துக்கு முன்னால் கவர் பத்திரமாக இருக்கிறது. எழில்மதிக்குத் திக்கென்றது. அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. கவரோடு வாசலுக்கு வந்து கத்தினாள்.

"இருசக்கா! அக்கோவ்!"

தெருக்கோடியில் பஸ் படியில் கால் வைத்திருந்த இருசம்மாள் ஒரு கணம் நின்றாள். கழுத்துகூட லேசாக அசைந்தது. அப்புறம் விறைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். பஸ் போயே போய்விட்டது.

"அடிப் பாவி!" என்றாள் எழில்மதி.

சத்துணவுக் கூடத்தில் பதினெட்டு வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவள் இருசம்மாள். நாற்பத்தொரு வயது. இந்தத் தடவை விட்டால் பரீட்சை எழுத வயது இடம் தராது. சோறு கொதிக்கிற நேரத்தில்கூடப் புத்தகத்தைக் கீழே வைக்காதவள். கள்ளக்குறிச்சியில் பரீட்சை ஹாலில் ஒன்பது மணிக்கு மேல் கேட்டைச் சாத்திவிடுவார்கள். போன் போட்டால் டவர் இல்லை. தெருவில் இருந்த ரெண்டு பைக்கும் சந்தைக்குப் போய்விட்டன.

பஸ் மூன்று ஊரைச் சுற்றி, வளைவு வளைவாக இறங்கி, அடிவாரச் செக்போஸ்ட்டுக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும். ஒற்றையடிப் பாதை நேராக அங்கேயே போய் இறங்கும். நடந்தால் ஒன்றரை மணி. ஓடினால்?

எழில்மதி ஓடி ஏழு வருஷம் ஆகிறது. சொந்த ஊரான களமருதூர் வரப்பில் ஓடத் தொடங்கி, ஐயாயிரம் மீட்டரில் தேசிய முகாம் வரைக்கும் போனவள். அங்கே சோற்றை எடை போட்டார்கள், தூக்கத்தை அளந்தார்கள். பதக்கம் வாங்கிய அன்றைக்கும் "ரெண்டு செகண்டு ஜாஸ்தி" என்றுதான் பேச்சு. முட்டியில் ஆபரேஷன் ஆனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முட்டி ஆறிவிட்டது. ஓட்டம் என்றாலே வருகிற பயம் மட்டும் போகவில்லை. "ஓடிக் காட்டுங்க மிஸ்" என்று பிள்ளைகள் கேட்டால், முட்டி வலி என்று கூசாமல் புளுகுவாள்.

கவரைச் சுடிதார் இடுப்பில் செருகி, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். இறங்கிவிட்டாள்.

மரவள்ளிக் காட்டைத் தாண்டும் வரை பழைய பேய் கூடவே வந்தது. மூச்சை எண்ணியது, காலடியை எண்ணியது, போதாது போதாது என்றது. ஓடைக்கரையில் ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. இன்னொன்றையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். அதற்கப்புறம் எண்ண எங்கே நேரம்? கல் எது, வேர் எது, வழுக்குப் பாறை எது என்று பார்க்கவே கண் போதவில்லை. கடுக்காய் மரத்தடியில் ஈரச் சருகில் கால் வைத்தாள், பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தாள். முதலில் கவரைத் தடவிப் பார்த்தாள். நனையவில்லை. அப்புறம் பார்த்தால், சிரிப்பு வருகிறது. தேசிய முகாம் கண்ட எழில்மதி, பின்பக்கமெல்லாம் சேறாக, காட்டுக்குள் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறாள்!

எழுந்து ஓடியபோது கால் தானாகப் போனது. பாதை சரிந்த பக்கம் சரிந்தாள், திரும்பிய பக்கம் திரும்பினாள். சந்தோஷமாக இருந்தது. ஒருத்தியின் இத்தனை வருஷப் பாடு இடுப்பில் இருக்கிறது, இந்த நேரத்தில் உனக்குச் சந்தோஷம் ஒரு கேடா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அது குறையவில்லை. மேலே வளைவில் பஸ் உறுமுவது கேட்டதும் இன்னும் கொஞ்சம் விரட்டினாள்.

செக்போஸ்ட்டில் நடுரோட்டில் நின்று ரெண்டு கையையும் விரித்தாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது. ஜன்னலில் இருசம்மாள் நோட்டை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், நீங்களும் டவுனுக்கா?"

பேச மூச்சில்லை. கவரை எடுத்து நீட்டினாள். இருசம்மாள் கவரைப் பார்த்தாள், மடியில் இருந்த பையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ கரியராமா! உன் காலடியிலயே வுட்டுட்டு வந்துட்டனே!"

"நான் கூப்ட்டது காதுல வுழலியாக்கா?"

"வுழுந்துச்சு டீச்சர். பின்னாடி கூப்ட்டா எப்டித் திரும்புறது? சகுனமாச்சே!"

"சரி, இப்ப முன்னாடி வந்துட்டேன். புடிங்க."

பஸ்ஸே சிரித்தது. இருசம்மாளும் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஜன்னல் வழியாக அந்தச் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள்.

"மலையிலேர்ந்து ஓடியா வந்தீங்க? முட்டி வலின்னு சொல்லிக்கினு இருப்பீங்களே?"

"அதெல்லாம் அப்பறம் சொல்றேன். போய் நல்லா எழுதுங்கக்கா."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கச்சிராயபாளையம் பக்கம் திரும்பி மறைந்தது. எழில்மதி செக்போஸ்ட் குழாயில் முகம் கழுவி, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். மேலே போகிற பஸ் பத்தரைக்குத்தான். சனிக்கிழமை, பள்ளிக்கூடமும் இல்லை.

மேல் ஊர் வேடியப்பன் டி.வி.எஸ்.ஸில் தவிட்டு மூட்டையோடு வந்து பக்கத்தில் நிறுத்தினார்.

"இன்னா டீச்சரம்மா, ஒடம்பெல்லாம் சேறு? ஏறுங்க, வூட்டாண்ட வுட்டுட்றேன்."

"வேணாங்க. ஓடியே வந்துர்றேன்."

"செம மேடுங்க அது! அப்டி இன்னா அவசரம்?"

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, எழில்மதி ஒற்றையடிப் பாதையில் ஏறி ஓட ஆரம்பித்தாள்.