அவள் வைத்துப்போன பால்

எடை பார்க்கும் தட்டிலிருந்து குழந்தையைத் தூக்கும்போதே நர்ஸ் சொல்லிவிட்டாள்.

"ஒன்றரை மாசமா எடை அசையவே இல்ல சார். ஏழரை மாசக் குழந்தை, வெறும் பவுடர் பால்ல எத்தன நாள் ஓடும்? இன்னும் பத்து நாள் பாப்போம். அப்பவும் கெட்டியா எதையும் முழுங்கலன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப்தான்."

அவன் தலையாட்டினான்.

"கிழங்கு ஏதாவது தெரிஞ்ச பால்ல மசிச்சுக் குடுத்துப் பாருங்க. பழகின ருசின்னா வாய் தானாத் திறக்கும்."

தெரிந்த பால் என்றதும் அவனுக்கு வீட்டு ஃப்ரீசர் ஞாபகம் வந்தது.

மனைவி வேலைக்குத் திரும்புவதற்கென்று தாய்ப்பாலைப் பைகளில் பிடித்து உறைய வைத்திருந்தாள். ஒவ்வொரு பையிலும் தேதி, மணி. குழந்தைக்கு ஒன்றரை மாதமானபோது காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய், காலையில் இருந்தவள் மத்தியானம் இல்லை. அவன் பைகளைத் தேதிப்படி எடுத்துக் கொடுத்தான். பழையது முதலில். உணவுக் கிடங்கில் அவன் வேலையும் அதுதான்: தேதி முடிந்ததைத் தேடி எடுத்துக் குப்பைக்கு அனுப்புவது. அதனால் கிடங்கில் அவனுக்கு எமன் என்று பேர். அவள் போன பிறகு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

கடைசிப் பையை மட்டும் அவன் கொடுக்கவில்லை. அவள் இறப்பதற்கு முந்தின நாள் பிடித்தது.

ஞாயிறு காலை மச்சினி வந்தாள். அக்காவைவிட ஆறு வயது சின்னவள். வாய் மட்டும் ரெண்டு வயது பெரியது என்று அக்காவே சொல்வாள். வந்ததும் உருளைக்கிழங்கை வேகப் போட்டாள். ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"மாமா, இது அக்கா எழுத்து."

அவன் அடுப்பைத் தணித்தான்.

"எத்தன இருக்கு?"

"ஒண்ணு."

"ஆறு மாசமா இத மறைச்சு வெச்சிருக்கீங்களா? எங்கிட்டகூடச் சொல்லல?"

"சொன்னா குடுக்கச் சொல்லுவ."

அவள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு மாதம் வரை தாங்கும் என்று அடியில் அச்சடித்திருந்தது. விரலை மடக்கி எண்ணினாள்.

"இன்னிக்கு வரைக்கும்தான் மாமா."

"தெரியும்."

"நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

அவன் பையை வாங்கி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டான். அது இளகும்வரை பக்கத்திலேயே நின்றான். வெந்த கிழங்கில் பாதியைக் கிண்ணத்தில் போட்டு, பால் முழுவதையும் ஊற்றி, கட்டியில்லாமல் மசித்தான். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை.

குழந்தையை மச்சினி மடியில் வைத்துக்கொண்டாள். "பல்லே முளைக்கல, அதுக்குள்ள வாய்க்குப் பூட்டு. எங்க, சித்திக்கு ஆ காட்டு. உங்கம்மா குடுக்கறாடீ."

அவன் கரண்டியை உதட்டில் வைத்தான். குழந்தை நக்கியது. முகம் சுருங்கியது, துப்பிவிட்டது. இரண்டாம் முறை தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் முறை கரண்டியைத் தட்டிவிட்டு வீறிட்டது.

அவன் கிண்ணத்தை முகர்ந்தான். புளித்த வாடை இல்லை. வேறு ஏதோ வாடை. மச்சினி நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"கெட்டுப்போகலயாம். சிலரோட பால் ரொம்ப நாள் உறைஞ்சு கிடந்தா இப்படி சோப்பு வாடை வருமாம். லேசா சுட வெச்சிட்டு அப்புறம் உறைய வெச்சிருக்கணுமாம்." போனை வைத்தாள். "அக்காவுக்கு எப்படித் தெரியும், பாவம்."

அவன் கரண்டியைக் கழுவி வந்து மறுபடி முயன்றான்.

"போதும் மாமா."

"இன்னும் ஒரு தடவ."

"குழந்தைக்கு விக்கும். விடுங்க."

விட்டான். மச்சினி தனக்கென்று தட்டில் வைத்திருந்த மீதிக் கிழங்கைக் குழந்தை எட்டிப் பிடித்தது அப்போதுதான். விரலிடுக்கில் பிதுங்கியதை முஷ்டியோடு வாய்க்குக் கொண்டுபோயிற்று. இருவரும் அசையவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. கை மறுபடி தட்டுக்குப் போனது.

"முழுங்கிட்டா! மாமா, முழுங்கிட்டா! அடி திருட்டுக் கழுதை, சித்தி தட்டுதான் வேணுமா உனக்கு?" மச்சினி சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையானது.

அவன் குழந்தையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாய், நான்கு வாய். இனி டியூப் வேண்டாம். எதுவும் கலக்காத கிழங்கை அது தானே எடுத்துச் சாப்பிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. கையில் கிண்ணம் அப்படியே இருந்தது.

சமையலறைத் தொட்டிவரை போனான். கவிழ்க்க முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான். இன்னொரு கரண்டி.

மச்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தடுக்கவில்லை. கையை நீட்டினாள். "எனக்கும் குடுங்க."

கரண்டியைக் கொடுத்தான். ஒரு வாய் போட்டுக்கொண்டவளின் முகம் கோணியது.

"கண்றாவியா இருக்கு."

"ஆமா."

"அவ சமையல் என்னிக்கு நல்லா இருந்துச்சு?"

அவன் வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. கரண்டியை வாங்கிக்கொண்டான். குழந்தை தட்டைத் தட்டித் தட்டிக் கிழங்கை நசுக்க, இருவரும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். கிண்ணம் காலியானது. கழுவ யாரும் எழுந்திருக்கவில்லை.