சத்தமில்லாத கடை

பட்டறையில் அவனைச் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நசுங்கி வரும் எண்ணெய்ப் பீப்பாய்களை உள்ளேயிருந்து தட்டி நிமிர்த்துவது அவன் வேலை. பீப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருத்தன் அடிக்க, சுற்றிலும் மற்றவர்களும் அதையே செய்தால் எழும் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நின்று பார்க்க வேண்டும். நிற்கத்தான் யாராலும் முடியாது.

அப்படிப்பட்டவனைப் பிடித்துத்தான் அவன் மனைவி ஓர் அமைதியான காபிக் கடை தேடச் சொல்லியிருந்தாள்.

அவள் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவள். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் வெந்துபோய், இப்போது சோறு பிசைந்தாலே எரிகிறது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை ஒன்று வந்திருந்தது. இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். அதற்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பரீட்சை. பரீட்சை முடியும்வரை எதிரே கேமராவும் மைக்கும் திறந்திருக்கும். பக்கத்தில் வேறு சத்தம் கேட்டால் ஒரு தடவை எச்சரிப்பார்கள். மறுபடி கேட்டால் பரீட்சை அதோடு சரி. அடுத்த வருஷம்தான் எழுதலாம். அடுத்த வருஷம்வரை அந்தக் கை தாங்காது.

வீட்டில் உட்கார வழியில்லை. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் கடைசல் பட்டறை, மறுபக்கம் இரும்புக் கதவு செய்கிறவன்.

சம்மட்டி விடுமுறை நாளெல்லாம் தெருத் தெருவாக அலைந்தான். ஒரு கடையில் டிவி. இன்னொன்றில் படிக்கிற பிள்ளைகள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மூன்றாவது கடை பஸ் நிலையத்தை ஒட்டியிருந்ததால் பஸ் உறுமும்போதெல்லாம் தம்ளர் ஆடியது. கடைசியில் ஒரு முட்டுச்சந்தில் இந்தக் கடை அகப்பட்டது. ஒருத்தர் புத்தகம் படித்தார். ஒரு பெண் கம்ப்யூட்டரில் என்னவோ எழுதினாள். கடைக்காரம்மாவும் கல்லாவில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். வந்திருந்த இரண்டு பேர் காதிலும் என்னவோ சொருகியிருந்தது. பாட்டுக் கேட்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டான். ஒரு காபி குடித்தவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

"சொர்க்கம்டி," என்று வந்து சொன்னான். "கூண்டுல குருவி வளக்குறாங்க. அதுங்ககூட வாயத் திறக்கல."

பரீட்சையன்று அக்காவிடம் கேட்டு வாங்கிய கம்ப்யூட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வந்தாள். வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன?" என்றான்.

"குருவி."

"ஆமா, சொன்னேன்ல?"

"என்னங்க இப்படிக் கத்துதுங்க!"

அவன் கூண்டைப் பார்த்தான். பச்சையும் மஞ்சளுமாய் நாலைந்து சின்னப் பறவைகள். அலகுகள் திறந்து மூடின, திறந்து மூடின. கழுத்துப் பூமயிர் துடித்தது. ஒரு சத்தமும் இல்லை. கடைக்குள் மின்விசிறியின் அடித்தொண்டை உறுமல் கேட்டது. வெளியே லாரி போனது கேட்டது. பறவை மட்டும் ஊமைப் படம் மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

அவள் பார்வை கூண்டிலிருந்து அவன் முகத்துக்கு வந்தது. அதிலிருந்த கோபம் பாதியிலேயே வேறு எதுவாகவோ மாறியது.

"உங்களுக்குக் கேக்கலையா?"

கொஞ்ச நாளாக வீட்டில் இவள் தொண்டை பெரிதாகிவிட்டதென்று பட்டறையில் சொல்லிச் சிரித்திருக்கிறான். எடுத்த எடுப்பிலேயே கத்துகிறாளே, முதலில் மெதுவாகக் கூப்பிட்டால் என்ன என்று சண்டைகூடப் போட்டிருக்கிறான்.

"அதெல்லாம் அப்புறம்," என்றாள். "நேரமாச்சு. வேற கடைக்கு ஓட முடியாது."

கடைக்காரம்மா எழுந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையைப் பிசைந்தாள். "இங்க வர்றவங்க காதுல சொருகிட்டுத்தான் உக்காருவாங்க. எனக்குப் பழகிப்போச்சு, காதுல விழறதே இல்ல. இரும்மா, துணி போட்டு மூடுவோம். இருட்டாச்சுன்னா அடங்கிடும்."

"உடனேவா?"

"அதுங்க மனசு வைக்கணுமே."

கறுப்பு மேசைவிரிப்பை உருவி இரண்டு பேரும் கூண்டை மூடினார்கள். சம்மட்டி இடுக்கு விடாமல் இழுத்துச் செருகினான். இப்போது அலகும் தெரியவில்லை. அவனுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

"நின்னுச்சா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்தாள், கம்பியைச் சொருகினாள். அவன் கூண்டுப் பக்கம் குனிந்து காதைத் துணியோடு ஒட்டவைத்தான். கூண்டுக் கம்பியின் குளிர்ச்சிதான் கிடைத்தது.

"இப்ப?"

"ஒண்ணு மட்டும் இன்னும் அடங்கல."

திரையில் எழுத்துகள் வந்தன. அவள் உதட்டைக் கடித்தாள். பிறகு மூச்சை விட்டு, அவனைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையசைத்தாள். வெந்த விரல்களை எழுத்துப் பலகைமேல் வைத்தாள்.

சம்மட்டி வாசலுக்குப் போய்க் காவல் நின்றான். இனி ஒரு ஈ உள்ளே போகக் கூடாது. இந்தக் கடையைத் தேடியது அவன். சொர்க்கம் என்று சொன்னதும் அவன். இது கெட்டால் நாளைக்கு அவள் திரும்ப அந்தத் தண்ணீரில்தான் கை வைக்க வேண்டும்.

பால்காரர் தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் வந்தார். வண்டியில் பால் பாட்டில்கள் அடுக்கிய பெட்டிகள். சம்மட்டி வழியை மறித்தான். குரலை முடிந்தவரை தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அண்ணே, உள்ள பரீட்சை நடக்குது. மெதுவா வாங்க."

பால்காரர் இரண்டடி பின்னால் போனார். உள்ளே புத்தகம் படித்தவர் காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், அவன் வாய் அவளிடம் இருப்பதுபோல. திரையின் ஓரத்தில் எச்சரிக்கையாகச் சிவப்புப் பட்டை ஒன்று எரிந்தது.

அது ரகசியம் பேசிய குரல் என்றே அவன் நினைத்திருந்தான்.

"மெதுவாத்தானே..." என்று சொல்ல வாயெடுத்தான்.

மேசையில் அவள் திரும்பவில்லை. திரும்பவும் முடியாது, கேமரா பார்க்கிறது. இடது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, மேசைக்குக் கீழே முஷ்டியாக மூடியது.

பீப்பாய்ப் பட்டறையில் வாயால் பேசிப் பயனில்லை, எல்லாம் கைதான். மூடிய முஷ்டி என்றால் சம்மட்டியை நிறுத்து, உள்ளே ஆள் கை இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு அடி அடித்தவன் மறுநாள் பட்டறைக்கு வர முடியாது. வீட்டில் அவளிடம் அவனே செய்து காட்டியிருக்கிறான். அவன் வாய் அந்த இடத்திலேயே நின்றது.

பிறகு கையால்தான் பேசினான். உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கினான். உள்ளே காட்டினான். பால்காரரைக் கும்பிட்டான். அவருக்குப் பாதி புரிந்தது. பெட்டியை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னால் வெயிலில் பால் கெட்டுவிடும் என்று அவரும் கையாலேயே சண்டை பிடித்தார். கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்கள்.

பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்று அவனுக்குத் தெரியவில்லை. உரசினால் கண்ணாடி கீச்சென்று கத்தும். அந்த வகைச் சத்தம்தான் அவனை விட்டுப் போயிருக்கிறது. அவள் தோளையே பார்த்துக்கொண்டு அடியெடுத்து வைத்தான். தோள் இறுகியது, நின்றான். தளர்ந்தது, நடந்தான். பீப்பாயைத் தூக்கி எறிகிறவனுக்கு அந்த ஒரு பெட்டி மலையாகக் கனத்தது. அடுப்படித் தரையில் அதை இறக்கும்போது முதுகெல்லாம் நனைந்திருந்தது. மீதிப் பெட்டிகளையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். பால்காரர் போகும்போது அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அவள் தட்டச்சு செய்தாள், நிறுத்தினாள், மறுபடி செய்தாள். விரலிடுக்கு ஒன்று வெடித்து ரத்தம் கசிந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். சுவரோரம் நின்றவன் தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டான்.

முடிந்ததும் திரையில் வந்த முடிவைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடியவள் உடனே எழுந்திருக்கவில்லை. அப்புறம் வந்து அவன் எதிரே நின்று என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது.

எப்போதும் இப்படியான இடத்தில் அவன் ம்ம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். பிறகு தப்பும் தவறுமாகச் செய்துவிட்டு, நீ சரியாகச் சொல்லவில்லை என்பான்.

"கேக்கல," என்றான். "திரும்பச் சொல்லு."

அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, காதோடு வாய் வைத்தாள்.

"எடுத்துக்கிட்டாங்க. நீங்க போட்ட கூச்சலுக்கு மார்க்கு குறைஞ்சிருக்கு. ஆனா எடுத்துக்கிட்டாங்க. வர்ற வாரத்துலேருந்து வேலை."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். அவள் பிடியை விடவில்லை.

"நாளைக்கு நீங்க பட்டறைக்குப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போறோம், காதக் காட்ட."

"லீவு தரமாட்டாங்கடி."

"கேளுங்க. இல்லேன்னா நான் வந்து கேக்குறேன். எனக்குத்தான் தொண்டை பெருசாச்சே, ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க."

கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது, முழுசாக வரவில்லை. தினமும் வேலை செய்ய அவளுக்கு ஒரு மேசை வேண்டும், அதை இன்றைக்கே பேசி வைக்க வேண்டும் என்று தோன்றியது. கல்லாப் பக்கம் இரண்டடி வைத்தவன் நின்று, அவளை முன்னால் தள்ளிவிட்டான்.

"நீயே கேளு. நான் கேட்டா இருக்குற ஆளும் எந்திரிச்சுப் போயிடுவாங்க."