முதல் மிடறு

ருவாண்டாவில், ஹூயே பக்கத்து மலைப்பள்ளி ஒன்றில் கன்கிந்தி வரலாற்று டீச்சர். அந்தச் சுற்றுவட்டாரக் கல்யாண வீடுகளில் அவளுக்கு நிரந்தர வயிற்றுப்புண். கோப்பையைக் கொடுப்பவர், விஷமில்லை என்று தெரிய, தான் ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டுத்தான் நீட்டுவார். அதுதான் அங்கே மரியாதை. அப்படி நீட்டினாலும் அவள் வயிற்றைத் தடவிக் காட்டி நழுவிவிடுவாள். இனப்படுகொலையில் அவள் வீட்டாரைக் கொன்றவர்கள் அக்கம்பக்கத்தார். சிலர் தண்டனை முடிந்து திரும்பியும்விட்டார்கள்.

இனப்படுகொலைப் பாடத்தை பஸ் நேரம் வாசிப்பதுபோல நடத்தி முடிப்பது அவள் வழக்கம். இந்த வருடம் 'அண்டை வீட்டார்' என்ற இடத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. முன்பெஞ்சு தேத்தா பதறி எழுந்து ஃப்ளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள். அவசரத்தில் தான் குடித்துக் காட்ட மறந்துவிட்டாள்.

வகுப்பு முழுக்க அந்த மூடியையே பார்த்தது. தேத்தாவின் தாத்தா எந்தக் குற்றத்துக்கு ஜெயிலில் இருந்தார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பின்பெஞ்சு சேமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அடியே, முதல்ல நீ குடி! டீச்சர் பென்ஷன் வாங்க வேணாமா?"

சிரிப்பு. கன்கிந்தியின் கை பாதிவரை நீண்டு, திரும்பி வயிற்றுக்குப் போனது.

"வயித்துப்புண்ணும்மா."

"மறந்துட்டேன் டீச்சர். சத்தியமா மறந்துட்டேன்."

மறுநாளிலிருந்து தேத்தா வரவில்லை. முன்பெஞ்சின் காலியிடம் பாடத்தைவிடச் சத்தமாகப் பேசியது.

சனிக்கிழமை கன்கிந்தி ஒரு ஃப்ளாஸ்க்கோடு தேத்தா வீட்டுக்கு மலையேறினாள். வாசலில் இருந்த தாத்தா அவளைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தேத்தா முற்றத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி ஸ்கூலுக்கு வரல?"

"என்னப் பாத்தா உங்களுக்குப் பாடம் வராது டீச்சர்."

"நீ வராட்டி சேமா வாயை யாரு மூடுறது?"

கன்கிந்தி தேநீர் ஊற்றி, ஒரு மிடறு குடித்துவிட்டு நீட்டினாள். தேத்தா மிச்சத்தைக் குடித்தாள். பிறகு உள்ளே போய்த் தங்கள் வீட்டுக் கோப்பையில் பால் கொண்டுவந்தாள். இந்தமுறை மறக்கவில்லை, நன்றாகத் தெரியும்படி குடித்துவிட்டு நீட்டினாள். மேலுதட்டில் பால் மீசை.

கன்கிந்தியின் கை வயிற்றுக்குத்தான் போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்து, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். சாதாரணப் பால்தான். கொஞ்சம் புளிப்பு.

"திங்கக்கிழமை வர்றேன் டீச்சர்."

கன்கிந்தி வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். இன்றைக்கு அவர்கள் வீட்டில் பால் குடித்தேன் என்று தன் வீட்டாரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. உள்ளே ஆளில்லை. ஃப்ளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.