கண்மாய்க்குள் இருந்த கிணறு

சித்திரை பிறந்து பத்து நாளுக்குள் கண்மாய் மீன்கள் தீனி எடுப்பதை நிறுத்திவிட்டன.

மாரிராஜ் முதலில் அதை நம்பவில்லை. நாகலாபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தக் கண்மாயைக் குத்தகைக்குப் பிடித்து, மார்கழி மழையில் தண்ணீர் நிறைந்ததும் கட்லா, ரோகு, மிர்கால் என்று கெண்டைக் குஞ்சுகளை விட்டிருந்தான். கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து, ஓட்டை போட்ட சாக்குகளில் கட்டி, தண்ணீரில் ஊன்றிய கம்புகளில் தொங்கவிடுவான். மாசி வரைக்கும் காலையில் கட்டிய சாக்கு பத்து மணிக்குள் காலியாகிவிடும். மீன்கள் முட்டி முட்டிக் கம்பே ஆடும். இப்போது சாயங்காலம் அவிழ்த்தாலும் சாக்கு கட்டியபடியே கனத்தது. புளித்த வாடை அடித்தது. வலை வீசினால் பாசிதான் வந்தது.

கரை ஓரமெல்லாம் வற்றி, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர், களிமண் நிறத்தில் அசையாமல் நின்றது.

மீன்வளத் துறையிலிருந்து சத்யபிரியா என்ற பெண் வந்து பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, வெப்பமானியை விட்டு எடுத்தாள்.

"முப்பத்தாறு இருக்கு அண்ணாச்சி. இதுக்கு மேல கெண்டை வாயே தொறக்காது. தின்னாலும் செரிக்காது. நீங்க போடுத தீனி அடியில கெடந்து அழுகி, தண்ணிக்குள்ள இருக்க கொஞ்சக் காத்தையும் தின்னுரும். மொதல்ல சாக்க அவுத்துருங்க."

"அப்ப மீனெல்லாம் எங்கன போச்சும்மா? ஒண்ணுகூட வலையில விழலயே."

"எங்கன ஆழமோ அங்கன போயிருக்கும். அடியில கொஞ்சம் குளுந்து கெடக்கும்லா. விடியக்காலம் மட்டும் மேல வந்து வாயத் தொறந்து காத்து வாங்கும். இந்தக் கண்மாயில ஆழமான எடம் எது?"

"எல்லாம் ஒரே மட்டந்தான்" என்றான் மாரிராஜ்.

அது பொய். கண்மாயின் நடுவில் ஒரு பழைய கிணறு இருந்தது. ஊரில் குடிதண்ணீர்க் குழாய் வருவதற்கு முன்னால், கண்மாய் வற்றும் காலத்துக்காக யாரோ தோண்டிக் கல் கட்டியது. கைப்பிடிச் சுவர் எப்போதோ இடிந்துவிட்டது. தண்ணீர் நிறைந்தால் மூழ்கிவிடும். வற்றினால் சீமைக்கருவேலப் புதர்களுக்கு நடுவே தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். பன்னிரண்டு வருஷமாக மாரிராஜ் அந்தப் பக்கம் போனதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சித்திரையில்தான் அவன் தங்கை வள்ளிமயில் காணாமல் போனாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்போது வீட்டில் நாற்பது ஆடுகள் இருந்தன. வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் கருவேலங்காய் தின்ன ஆடுகளைப் பத்திக்கொண்டு போனாள். சாயங்காலம் ஆடுகள் மட்டும் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்ததில் ஒரு குட்டி குறைந்தது.

அந்த வாரம் கண்மாயில் வண்டல் அள்ளிய டிராக்டர் ஒன்றில் சக்திகுமார் என்று ஒரு பையன் இருந்தான். எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்து ஆள். அவனும் அன்றைக்கே திருப்பூருக்கு பஸ் ஏறியிருந்தான். அவள் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததைப் பார்த்தேன் என்றாள் ஒருத்தி. குட்டியை விற்று பஸ்ஸுக்குக் காசு வைத்திருப்பாள் என்றார் ஒருவர். போதுமாயிருந்தது. யாரும் தேடவில்லை. போலீசுக்குப் போனால் மானம் போகும் என்று அதுவும் செய்யவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்று நம்பியே அவளுக்குத் தலை முழுகி, அவள் படங்களையும் எரித்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஊர்க் கோயில் கொடைக்கு வந்த சக்திகுமாரை மாரிராஜ்தான் பஸ் ஸ்டாண்டில் பிடித்தான். "எங்கலே எந்தங்கச்சி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். "நான் கூட்டிட்டுப் போகல அண்ணாச்சி, எனக்கு எதுவும் தெரியாது" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். காதிலிருந்து ரத்தம் வந்த பிறகுதான் விட்டான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று மாரிராஜிடம் இருந்தது.

தங்கை காணாமல் போன அன்றைக்கு உச்சிவேளையில் அவன் கண்மாய்க் கரையில் புளியமரத்தடியில் படுத்திருந்தான். பாதித் தூக்கம். "அண்ணே" என்று ஒரு குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, "அண்ணே." உச்சிப்பொழுதில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவை கூப்பிடும் வரை பதில் கொடுக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து அம்மா ஆவுடைத்தாய் சொல்லி வளர்த்திருந்தாள். அந்த வேளையில் அலைவது எல்லாமே மனுஷக் குரல் இல்லை என்பாள். மூன்றாவது தடவைக்காக அவன் காத்துக்கொண்டு கிடந்தான். வரவில்லை. புரண்டு படுத்துத் தூங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அந்தக் குரல் வந்தது. எந்த வேலையில் இருந்தாலும், வெயில் தலைக்கு நேரே நிற்கும் நேரத்தில், முதுகுக்குப் பின்னால் ரெண்டே தடவை. அவ திருப்பூர்ல நல்லாத்தான் இருப்பா, என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்வான். அப்படி நம்புவதற்குச் சக்திகுமார் மேல் உள்ள கோபம் அவனுக்குத் தேவையாக இருந்தது.

சத்யபிரியா வந்து போன மறுநாள் விடியற்காலையில் மாரிராஜ் கரையில் போய் நின்றான். அவள் சொன்னது சரிதான். கண்மாயின் நடுவில், கிணறு இருக்கும் இடத்துக்கு மேலே மட்டும், நூற்றுக்கணக்கான மீன்கள் தலையைத் தூக்கி வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரில் வேறெங்கும் ஒரு சலனம் இல்லை. 'ப், ப்' என்று சன்னமான சத்தம் கரை வரைக்கும் வந்தது. ஒரு கூட்டமே ஏதோ சொல்ல வந்து சொல்ல முடியாமல் நிற்கிற மாதிரி இருந்தது. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கி மறைந்தன.

அன்று மத்தியானம் அவன் தண்ணீருக்குள் நடந்தான். கால் வெந்தது. கருவேல முள் குத்தியது. கிணற்றை நெருங்க நெருங்கத் தண்ணீர் மாறியது. முழங்காலுக்குக் கீழே குளிர்ந்தது. இன்னும் ரெண்டு எட்டு வைத்ததும் கணுக்காலை யாரோ ஈரத்துணியால் சுற்றியதுபோல் ஒரு சில்லிப்பு. கட்டைவிரல் கல் விளிம்பில் தட்டியது. அங்கேயே நின்றான். காலுக்கடியில் மீன்கள் உரசிப் போயின. குரல் வருமென்று காத்திருந்தான். அன்றைக்கு வரவில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

பத்து நாளில் மேல் தண்ணீர் முழுக்க வற்றி, கிணறு மட்டும் மிச்சமிருந்தது. இனியும் விட்டால் அத்தனை மீனும் ஒன்றாகச் செத்து மிதக்கும். டீசல் மோட்டார் வைத்திருந்த செண்பகராஜை வரச் சொன்னான்.

ரெண்டு நாள் மோட்டார் ஓடியது. தண்ணீர் இறங்க இறங்க மீன்களைக் கூடை கூடையாக அள்ளினார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், பாதி ஆழத்தில் கிணற்றுச் சுவரை ஒட்டி ஒரு கல்திட்டு தெரிந்தது. நாலு பேர் உட்காரலாம். அதன் மேல் முழங்கால் உயரம் சேறு. மிர்கால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் மீன் என்பதால், மாரிராஜ் கயிற்றில் இறங்கித் திட்டில் நின்று கையால் துழாவினான். செண்பகராஜ் டீசல் ஊற்றுவதற்காக மோட்டாரை நிறுத்தியிருந்தான்.

முதலில் கையில் வந்தது ஒரு தூக்குச்சட்டி. சேற்றைத் துடைத்தான். மூடியில் எழுத்து வெட்டியிருந்தது. மா. ஆவுடைத்தாய்.

அதற்குப் பிறகு அவன் மெதுவாகத் தேடினான். கண்ணாடி வளையல் துண்டுகள், பச்சை நிறம். எலும்புகள். பெரியவை சில, அவற்றோடு ஒட்டினாற்போல மிகச் சின்னவை சில. சின்ன மண்டையோட்டில் கொம்பு முளைக்கத் தொடங்கிய ரெண்டு முண்டுகள் இருந்தன.

குட்டி விழுந்திருக்கிறது. அதை எடுக்க இறங்கியிருக்கிறாள். அல்லது எட்டிப் பார்த்து விழுந்திருக்கிறாள். எப்படியானாலும் விழுந்தவுடன் அவள் சாகவில்லை. இந்தத் திட்டில் இருந்திருக்கிறாள், குட்டியோடு.

"செண்பகராஜ்!" என்று மாரிராஜ் கத்தினான். மேலே ஆளைக் காணவில்லை. அடிவயிற்றிலிருந்து இன்னொரு தடவை கத்தினான். சத்தம் கல்சுவரில் மோதி அவன் மேலேயே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து செண்பகராஜ் எட்டிப் பார்த்தான்.

"கூப்ட்டீயளா அண்ணாச்சி? இந்தா, பத்தடி தள்ளித்தான் நின்னேன். ஏதோ மொனங்குன மாதிரி கேட்டுச்சு."

புளியமரம் கிணற்றிலிருந்து முந்நூறு அடி இருக்கும். அவ்வளவு தூரம் கேட்க வேண்டுமானால் அவள் எப்படிக் கத்தியிருக்க வேண்டும் என்று மாரிராஜ் அந்தச் சேற்றுக்குள் உட்கார்ந்து நினைத்தான். செண்பகராஜ் கயிற்றில் இறங்கித்தான் அவனை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது.

போலீஸ் வந்தது. எலும்புகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விசாரணைக்கு அவள் படம் கேட்டபோது, "ஒண்ணுமில்லய்யா, எல்லாத்தையும் அப்பவே எரிச்சாச்சு" என்றான் மாரிராஜ். ஆவுடைத்தாய் எழுந்து போய், டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த தாளுக்குக் கீழிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து வந்தாள்.

"ஒண்ணு கொறச்சுத்தான் எரிச்சேன்" என்றாள்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் மாரிராஜ் கோவில்பட்டிக்குப் போனான். சக்திகுமார் அங்கே கிரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பதை விசாரித்து வைத்திருந்தான். பட்டறையின் தகரக் கூரை கொதித்தது. உள்ளே முகமூடியைத் தூக்கிப் பார்த்தவன், வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் எழுந்து ஒரு எட்டு பின்னால் போனான். கையில் இருந்த கம்பியைக் கீழே வைக்கவில்லை.

"அடிக்க வரல" என்றான் மாரிராஜ். "தங்கச்சி கெடச்சிட்டா. கண்மாக் கெணத்துல. அன்னைக்கே விழுந்துருக்கா."

சக்திகுமார் தலையைச் சாய்த்தான். "அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

மாரிராஜ் அவன் வலது பக்கம் போய் நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். மீன் தீனி எடுக்காமல் போனது, கிணறு, தூக்குச்சட்டி, குட்டி. கடைசியில், அம்மாவிடமும் சொல்லாததைச் சொன்னான். "ரெண்டு தடவ கூப்ட்டா. எனக்குக் கேட்டுச்சு. நான் எந்திரிக்கல."

இருவருக்கும் வேர்வை ஊற்றியது. தெருவில் ஒரு தண்ணீர் லாரி போய் ஓய்ந்தது.

"நான் அந்தப் பிள்ளைய ஒரே ஒரு தடவதான் பாத்துருக்கேன்" என்றான் சக்திகுமார். "தண்ணி குடுத்துச்சு. குனிஞ்சு குடிச்சேன். மொகத்தக்கூட சரியாப் பாக்கல. பன்னெண்டு வருசமா எங்க போனாலும், இவன்தான் அவளக் கூட்டிட்டுப் போனவன்னு பேரு. பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் அதத்தான் சொன்னாவ. அவ மொகம் எப்படி இருக்கும்னு நானே நெனச்சு நெனச்சுப் பாப்பேன். ஒண்ணும் வராது."

மாரிராஜ் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினான். சக்திகுமார் கம்பியை வைத்தான். கையை வேட்டியில் ரெண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினான். வாசலில் வெயில் விழும் இடத்துக்குக் கொண்டு போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.